பாலியல் வன்முறைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

"மருத்துவப் பரிசோதனையில் பாலியல் வன்கொடுமை உறுதியானது." டிவி செய்தியில் இந்த வரியை எத்தனையோ முறை கேட்டிருப்போம். நாலு நாள் கழித்து அதே வழக்கில், "பரிசோதனையில் அப்படி எதுவும் தெரியவில்லை" என்று இன்னொரு வரி ஓடும். உடனே டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ரத்தத்தைப் பார்த்து சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று சொல்வதுபோல, நடந்ததா இல்லையா என்று சொல்லவும் டாக்டர் கையில் ஒரு டெஸ்ட் இருப்பதாகத்தான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது.

நான் பல வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள். பாதிக் காலம் கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில் போனது. இப்போது மகளிர் குழுக் கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். எங்கே போனாலும் ரத்த சோகை, சர்க்கரை என்று பேசி முடித்த பிறகு, ஓரமாக வந்து யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார். "கம்ப்ளெயின்ட் குடுக்காம ஆஸ்பத்திரிக்குப் போனா பார்ப்பாங்களா சிஸ்டர்?" "குளிச்சிட்டா எல்லாம் போச்சாமே?" "கல்யாணம் ஆன பொண்ணுன்னா டெஸ்ட்ல தெரியாதாமே?" அந்தக் கேள்விகளுக்கான பதில்தான் இது.

ஒரே அறை, இரண்டு வேலை

பைக்கில் அடிபட்டு ஒருவர் வருகிறார். கேஷுவாலிட்டியில் முதலில் ரத்தத்தை நிறுத்துகிறோம், டி.டி. ஊசி போடுகிறோம், எக்ஸ்ரேவுக்கு அனுப்புகிறோம். கூடவே டியூட்டி டாக்டர் ஒரு பெரிய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார், எப்படி அடிபட்டதாகச் சொல்கிறார், காயம் எங்கே, எவ்வளவு நீளம் என்று எழுதுகிறார். இதைத்தான் ஏ.ஆர். என்ட்ரி என்பார்கள். நாளைக்கு இன்சூரன்ஸோ கோர்ட்டோ கேட்டால் அந்தக் காப்பிதான் பேசும். இப்படிச் சட்டமும் உள்ளே வரும் கேஸுக்கு எம்.எல்.சி. என்று பெயர்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் வரும்போதும் இதே இரண்டு வேலைதான். ஒன்று சிகிச்சை: காயம், கர்ப்பம், நோய்த்தொற்று, மனம். இன்னொன்று தடயம்: உடம்பிலும் துணியிலும் இருப்பதைக் கெடாமல் எடுத்து, பதிவு செய்து, ஆய்வகத்துக்குப் போகும்படி செய்வது. இரண்டும் ஒரே அறையில், முடிந்தவரை ஒரே தடவையில் நடக்க வேண்டும். ஆனால் முதலாவது எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. வந்திருப்பவர் முதலில் நோயாளி. சாட்சி, வாதி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வெளியில் பேசுகிறவர்கள் எல்லோரும் இரண்டாவது வேலையைப் பற்றியே பேசுகிறார்கள். முதல் வேலை ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 'கேஸ் போடவா போறோம், எதுக்கு ஆஸ்பத்திரி?' என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் இல்லை. கேஸ் போடாவிட்டாலும் மருந்து வேண்டும்.

போலீஸுக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டுமா?

வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்கு வரலாம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ராத்திரி பத்தரை மணிக்கு வந்த ஒரு பெண்ணை, "ஸ்டேஷன்ல லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று டியூட்டி டாக்டர் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் ரூல் என்று நினைத்திருந்தார். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. அன்று நானும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அது தப்பு என்று தெரிந்திருக்கவில்லை.

ரூல் அதற்கு நேர் எதிராக இருக்கிறது. இது மருத்துவ அவசரம், போலீஸ் கடிதத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2000-இலேயே கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012-இல் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, 2013-இல் சட்டத்தைத் திருத்தியபோது இன்னும் கறாராக்கினார்கள். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே, இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். இப்போது நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது பிரிவு 397. மறுத்தால் அதுவே குற்றம். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 200-இன்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சிகிச்சை கொடுக்கும் ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதைக் கேட்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள். தகவல் போனாலும், பதினெட்டு வயது நிரம்பியவர், 'வழக்கு வேண்டாம், வாக்குமூலம் தர விருப்பமில்லை' என்று சொல்லலாம். டாக்டர் அதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கி வைப்பார். அதைக் காரணம் காட்டி மாத்திரையையோ ஊசியையோ நிறுத்த முடியாது. பதினெட்டுக்குக் கீழே என்றால் விஷயம் வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கடிதம் வேண்டாம், எஃப்.ஐ.ஆர். வேண்டாம், காசு வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியும் "இங்கே பார்க்க மாட்டோம்" என்று சொல்லக் கூடாது.

"சரிம்மா, செய்யலாமா?" என்று கேட்பது

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டி "கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். நாமும் படிக்காமல் போட்டுவிடுவோம். இங்கே அப்படி நடக்கக் கூடாது. என்ன செய்யப் போகிறோம், எதற்கு, வலிக்குமா, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்லி, அப்புறம் அவர் சரி என்றால் அதற்குத்தான் தகவலறிந்த சம்மதம் என்று பெயர்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சம்மதம் மொத்தமாக ஒன்று கிடையாது. சிகிச்சைக்கு ஒன்று, உடல் பரிசோதனைக்கும் தடயம் எடுப்பதற்கும் ஒன்று, போலீஸ் விஷயத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். சிகிச்சைக்குச் சரி, தடயத்துக்கு வேண்டாம் எனலாம். துணியைக் கொடுக்கிறேன், அந்தரங்கப் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம் எனலாம். பாதியில் "போதும், நிறுத்துங்க" என்றாலும் நிறுத்தியாக வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் இவ்வளவும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால் அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் சின்னக் குழந்தை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் தருவார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், அந்த அறைக்குள் வருகிறவரின் விருப்பத்தை மீறித்தான் ஏற்கெனவே ஒருவன் நடந்திருக்கிறான். அதே உடம்பைக் கேட்காமல் நாங்களும் தொட்டால் அவருக்கு அது எப்படி இருக்கும்? ஒவ்வொரு படியிலும் "அடுத்து கையைப் பார்க்கப் போறேன்மா, சரியா?" என்று கேட்கிற டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். முதல் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டிய பெண், நாலாவது கேள்விக்கு "ம், பாருங்க" என்று குரல் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பரிசோதனையின்போது போலீஸ் அறைக்குள் இருக்கக் கூடாது. மகளிர் போலீஸும்தான். முடிந்தவரை பெண் டாக்டர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெண் உதவியாளர் ஒருவர் கூட இருக்க, ஆண் டாக்டர் பார்க்கலாம். பெண் டாக்டர் வரட்டும் என்று பதினெட்டு வயது நிரம்பியவர்களை மணிக்கணக்கில் பெஞ்சில் உட்காரவைப்பது சரியில்லை.

வாசல் கோலமும் தடயமும்

விடிகாலையில் வாசல் தெளித்து மாக்கோலம் போடுகிறோம். ஆறு மணிக்குப் புள்ளி பிசகாமல் இருக்கும். பால்காரர் சைக்கிள் போகும், பிள்ளைகள் ஓடும், எறும்பு மாவை இழுக்கும். பத்து மணிக்குக் கோலம் இருந்தது தெரியும், என்ன கோலம் என்று தெரியாது. சாயங்காலம் வெறும் வெள்ளைத் தீற்றல்தான். உடம்பில் இருக்கும் தடயமும் ஏறக்குறைய இப்படித்தான் கலைந்துகொண்டே போகும்.

ஓர் ஆள் இன்னோர் ஆளைத் தொட்டால், இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் ஏதாவது ஒட்டிக்கொள்ளும். முடி, நூல், எச்சில், விந்து, தோல் செல், மண். பிரான்ஸில் லியோன் நகரில் 1910-இல் போலீஸுக்கென்று ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லொகார்ட் என்பவரின் பெயரால் இந்தக் கொள்கையைச் சொல்வார்கள். தடய அறிவியலின் அரிச்சுவடியே இதுதான்.

ஒட்டிக்கொண்டதில் மிக முக்கியமானது மரபணு, அதாவது ஒவ்வொருவரின் உடல் செல்லுக்குள்ளும் இருக்கும் அவருக்கே உரிய ரசாயனக் குறிப்பு. எச்சிலிலும் விந்திலும் நகத்தடித் தோலிலும் அது இருக்கும். ஆய்வகத்தில் அதைப் பிரித்து, சந்தேகப்படும் ஆளின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று சொல்வார்கள். ஈரமும் கிருமியும் சூடும் மரபணுவுக்குப் பகை. உடம்புக்குள் இருக்கும்போது உடம்பே அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் பெண்ணுறுப்பிலிருந்து ஸ்வாப் எடுப்பதற்கு 96 மணி நேரம், அதாவது நாலு நாள் என்று நம் நாட்டு நெறிமுறை வரம்பு வைத்திருக்கிறது. 72 மணிக்குப் பிறகு கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்வாப் என்பது பஞ்சு சுற்றிய குச்சி. சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்து, கறை இருக்கும் இடத்தில் மென்மையாகத் துடைத்து எடுப்பார்கள்.

அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தரையில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரிப்போம். அதன்மேல் அவர் நிற்பார். நின்றபடியே, ஒரு மறைப்புக்குப் பின்னால், போட்டிருக்கும் துணியை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். அவரால் முடியாதபோது மட்டும் நாங்கள் உதவுவோம். துணியிலிருந்து உதிரும் முடியோ மண்ணோ அந்தத் தாளில் விழும். முடிந்ததும் தாளை உள்பக்கமாக மடித்து, அதையும் ஒரு கவரில் போடுவோம். ஒவ்வொரு துணிக்கும் தனிக் கவர். எல்லாம் காகிதக் கவர். அப்புறம் நகத்தைச் சுரண்டி எடுப்பது, அந்தரங்க முடியைச் சீவி உதிர்வதை எடுப்பது, காயத்தை அளப்பது, வாயில் நடந்திருந்தால் வாயில் ஸ்வாப். அவர் சொன்ன சம்பவத்துக்கு எது தேவையோ அதை மட்டும் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் எடுக்க வேண்டியதில்லை.

ஏன் காகிதம்? கொத்தமல்லிக் கட்டை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்துப் பாருங்கள், மறுநாளே அழுகிவிடும். செய்தித்தாளில் சுற்றி வைத்தால் நாலு நாள் தாங்கும். ரத்தமோ விந்தோ பட்ட துணியும் அப்படித்தான். பிளாஸ்டிக்குக்குள் வியர்த்து, பூஞ்சை பிடித்து, மரபணு கெட்டுவிடும். அதனால் நிழலில், காற்றில் உலரவைத்துத்தான் கவரில் போடுகிறோம்.

இனி அந்தக் குளியல் கேள்வி. ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடி ஈரமாக, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. சீயக்காய் வாசனை. நான் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா சொன்னார்: "தலைக்கு ஊத்திட்டுத்தான் கூட்டியாந்தேன் சிஸ்டர். துணியையும் அலசிக் காயப்போட்டுட்டேன்." அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் ஊரில் எது நடந்தாலும் தலை முழுகத்தானே சொல்லித் தந்திருக்கிறார்கள். பிள்ளைமேல் பட்டதைக் கழுவிவிட வேண்டும் என்றுதான் எந்தத் தாய்க்கும் தோன்றும்.

எல்லாம் போச்சா? இல்லை. குளித்தால் மேல் தோலில் இருப்பது பெரும்பாலும் போய்விடும். உள்ளே இருப்பது போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. அலசிய துணியிலிருந்தும் மரபணு கிடைப்பது உண்டு. காயம் இருக்கும். சம்பவ இடத்தில் தடயம் இருக்கும். அவர் சொல்லும் வார்த்தை இருக்கிறது. குளிக்காமல், துணி மாற்றாமல், வாய் கொப்பளிக்காமல் வர முடிந்தால் நல்லது. செய்துவிட்டீர்களா, அப்படியே வாருங்கள். அலசிய துணியையும் ஒரு காகிதப் பையில் எடுத்து வாருங்கள். எதையோ குடிக்கக் கொடுத்து மயக்கியதாகச் சந்தேகம் இருந்தால் சீக்கிரம் வருவது இன்னும் முக்கியம். சில மருந்துகள் அரை நாளுக்குள் உடம்பிலிருந்து வெளியேறிவிடும். அதன் பிறகு ரத்தத்திலும் சிறுநீரிலும் தேடினாலும் கிடைக்காது.

சுருக்கமாக: தடயம் நேரம் ஆக ஆகக் குறையும், 96 மணிக்குள் வந்தால் ஸ்வாப் எடுக்கலாம். அதைத் தாண்டி வந்தாலும் காயம், துணி, வாக்குமூலம், சிகிச்சை எல்லாம் பாக்கி இருக்கின்றன. "லேட் ஆயிடுச்சு" என்று ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது, நாமும் நினைக்கக் கூடாது.

சீல் வைத்த பெட்டி

தேர்தல் முடிந்ததும் வாக்குப்பெட்டிக்கு அரக்குச் சீல் வைத்து, ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்கி, பூட்டிய அறையில் காவல் போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று நாளைக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் அவ்வளவும். தடயக் கவருக்கும் அதேதான். கவரின்மேல் எண், பெயர், எடுத்த தேதி, நேரம், உள்ளே இருப்பது என்ன, எடுத்தவர் கையெழுத்து, சீல். ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸ் வாங்கும்போது ஒரு கையெழுத்து. ஆய்வகத்தில் கொடுக்கும்போது இன்னொன்று. யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற இந்தக் கணக்குக்குச் செயின் ஆஃப் கஸ்டடி என்று பெயர். நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பார்.

டாக்டர் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது

பாலியல் வன்கொடுமை என்பது சட்டத்தின் சொல். அது நடந்ததா என்று முடிவு செய்வது நீதிபதி. டாக்டர் தான் கண்டதை எழுதலாம்: 'இன்ன இடத்தில் இன்ன காயம், இத்தனை மணி நேரம் பழையதாகத் தெரிகிறது, இவர் சொல்லும் சம்பவத்தோடு இது பொருந்துகிறது.' எதுவும் காணவில்லையென்றால், 'காயம் இல்லை, ஆனாலும் பாலியல் வன்முறை நடந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது' என்று எழுத வேண்டும். கூடவே காரணத்தையும் எழுத வேண்டும்: தாமதமாக வந்தார், குளித்துவிட்டார், மிரட்டலில் உறைந்துபோனார், மயக்க மருந்து கொடுக்கப்பட்டது, இப்படி.

ராத்திரி மழை பெய்திருக்கும். காலையில் தெரு நனைந்திருந்தால் பெய்தது தெரியும். மத்தியானம் எழுந்து வந்து, தரை காய்ந்து கிடக்கிறது, அதனால் மழையே பெய்யவில்லை என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? காயம் இல்லை என்பதை வைத்து எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதும் அப்படித்தான். பயத்தில் கத்தவோ தள்ளவோ முடியாமல் உடம்பு கட்டைபோல் ஆகிவிடுவது உண்டு. அது அவர் எடுக்கும் முடிவு இல்லை, மூளை தானாகச் செய்வது. கத்தியைக் காட்டி மிரட்டினால் அசையாமல் இருப்பதுதான் உயிர் தப்பும் வழி. இந்தப் பாடத்தை நம் நாடு கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்முறைக்கு ஆளானாள். உடம்பில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்ற ரீதியில் போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதை எதிர்த்து எழுந்த போராட்டங்களால்தான் 1983-இல் சட்டம் மாறியது. எதிர்த்துப் போராடவில்லை என்பதற்காகச் சம்மதித்ததாக ஆகிவிடாது என்று இன்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

மரபணு பொருந்தினாலும் அது ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: இந்த ஆளின் உடல்திரவம் இங்கே இருந்தது. சம்மதம் இருந்ததா என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது.

இனி, அந்த இரண்டு விரல் சோதனை. விரலை விட்டுப் பார்த்து, பெண் 'பழக்கப்பட்டவளா' என்று எழுதுவார்கள். அதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் கிடையாது. அது இன்னொரு வன்முறை. 2013-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2014 நெறிமுறை தடை செய்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் இதை நிறுத்தச் சொன்னது. அதே வருடம் அக்டோபர் 31 அன்று, இதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவர் ஆவார் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கன்னித்திரை கிழிந்ததா, முன்னால் உறவு இருந்ததா, ஆள் வாட்டசாட்டமா என்றெல்லாம் டாக்டர் எழுதக் கூடாது. கல்யாணம் ஆன பெண்ணுக்கும், குழந்தை பெற்றவருக்கும், பாலியல் தொழில் செய்பவருக்கும் ஒரே பரிசோதனைதான், ஒரே மதிப்புதான்.

மருந்துகளுக்கும் நேரம் உண்டு

தடயம் கிடைக்காமல்கூடப் போகலாம், இந்தப் பகுதி விட்டுப்போகக் கூடாது.

கர்ப்பம் தரிக்காமலிருக்க அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. 72 மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, சீக்கிரம் என்றால் இன்னும் நல்லது, 5 நாள் வரை கொடுக்கலாம். இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி சாப்பிட வேண்டும்.

எச்.ஐ.வி.க்கு ஒரு தடுப்பு மருந்து உண்டு என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. பி.இ.பி. என்போம். கிருமி உடம்பில் குடியேறுவதற்கு முன்னால் அதைப் பெருகவிடாமல் தடுக்கும் மாத்திரைகள் இவை. நாய் கடித்ததும் ஓடிப்போய் ஊசி போடுகிறோமே, அதுபோல. முடிந்தால் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். 72 மணி தாண்டினால் பலன் இல்லை. 28 நாள், ஒரு நாளும் விடாமல். அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையம் வழியாக இலவசமாகக் கிடைக்கும். முதல் சில நாட்கள் குமட்டும். அதனால் பாதியில் விடுகிறவர்கள் அதிகம். சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், தாங்கவில்லையென்றால் வந்து சொல்லுங்கள், நிறுத்த மட்டும் வேண்டாம் என்று நான் ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்வேன். ரத்தப் பரிசோதனை அன்றைக்கு ஒரு முறை, பிறகு டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில்.

மற்ற பால்வினை நோய்களுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை, ஏற்கெனவே போடாதவர்களுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, காயம் இருந்தால் டி.டி. இவற்றில் எதற்கும் ஆய்வக முடிவு வரட்டும் என்று காத்திருப்பதில்லை.

அப்படியும் கர்ப்பமாகிவிட்டால்? 2021-இல் திருத்திய சட்டப்படி பாலியல் வன்முறையால் உண்டான கருவை 24 வாரம் வரை கலைக்கலாம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், அதற்கு மேல் இரண்டு பேர் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவர் என்றால் அவர் சம்மதம் மட்டும் போதும், கணவரோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வழக்கு இருந்தால் கருத்திசுவைப் பத்திரப்படுத்தி மரபணு ஆய்வுக்கு அனுப்புவார்கள்.

மனசுக்கான முதலுதவி

சிலர் அழுதுகொண்டே வருவார்கள். சிலர் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்துப் பேசினார். "இப்படி நடந்தவ மாதிரியா இருக்கா?" என்று வார்டில் முணுமுணுத்தார்கள். அதிர்ச்சிக்கு ஒரே முகம் கிடையாது. நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாமல் முன்னும் பின்னும் மாற்றிச் சொல்வதும் பொய்க்கு அடையாளம் இல்லை. பயத்தில் பதிந்த நினைவு துண்டுதுண்டாகத்தான் வெளியே வரும்.

இந்த இடத்தில் ஆஸ்பத்திரி செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கதவைச் சாத்த வேண்டும். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். "ஏன் அந்த நேரத்துல அங்க போனே?" என்ற கேள்வி யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. "நடந்ததுக்கு நீங்க காரணம் இல்லம்மா" என்பதை யாராவது ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திரும்பிப் போகும் வீட்டில் பயமில்லாமல் இருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். ஏனென்றால் அந்த ஆள் பல நேரம் அதே வீட்டில்தான், அதே தெருவில்தான் இருப்பான். முடியாது என்றால் ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கிறது. 'சகி' என்ற பெயரில் 2015-இலிருந்து நடக்கும் மையங்கள். தங்குமிடம், மனநல ஆலோசனை, வக்கீல் உதவி எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். 181-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

குழந்தை என்றால்

பதினெட்டு வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைதான், பையனும் சேர்த்து. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் இதைப் பார்த்துக்கொள்கிறது. எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ, குழந்தை நம்பும் வேறு யாரோ கூட இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் ஆஸ்பத்திரித் தலைமை ஒரு பெண்ணை நியமிக்கும். வலுக்கட்டாயமாகப் பிடித்துவைத்துப் பரிசோதிக்கக் கூடாது.

பெரியவர்கள் விஷயத்தில் இருந்த 'போலீஸ் வேண்டாம்' என்ற வழி இங்கே இல்லை. தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். டாக்டர், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும். குடும்ப மானம் என்று மூடி மறைப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098. பெயரையோ படத்தையோ பள்ளிக்கூடத்தையோ வெளியிடுவதும் குற்றம், வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வது உட்பட.

ஆண்களும் திருநர்களும் வெட்கத்தில் வராமலே இருந்துவிடுகிறார்கள். 2014 நெறிமுறை அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கான 72 மணி நேரம் அவர்களுக்கும் அதேதான்.

கூடப் போகிறவருக்கு

உங்களிடம் ஒருவர் வந்து சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கையோ, தோழியோ, வேலைக்கு வரும் அக்காவோ. துருவிக் கேட்க வேண்டாம். எத்தனை மணிக்கு நடந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதும், மருந்துகளெல்லாம் அந்த நேரத்தைத்தான் கணக்கு வைக்கின்றன. ஆட்டோ பிடியுங்கள், இல்லை 108-ஐக் கூப்பிடுங்கள். கேஷுவாலிட்டி வாசலில் எல்லோர் காதிலும் விழும்படி விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "சிஸ்டர், தனியா ஒரு நிமிஷம் பேசணும்" என்றால் எங்களுக்குப் புரியும். யாராவது கடிதம் கேட்டால் பிரிவு 397 என்று சொல்லுங்கள், ஆஸ்பத்திரியின் உறைவிட மருத்துவ அதிகாரியான ஆர்.எம்.ஓ.வைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கிளம்பும்போது ரிப்போர்ட் காப்பி ஒன்று இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது அவருடைய உரிமை.

இன்னொன்று. ஒரு செட் மாற்றுத்துணி எடுத்துப் போங்கள், உள்ளாடையோடு சேர்த்து, ஒரு ஜோடிச் செருப்பும். போட்டிருப்பதை எல்லாம் தடயத்துக்கு வாங்கிக்கொள்வோம். யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். விடிகாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரிப் பச்சை கவுனோடு ஆட்டோவில் ஏறப்போன பெண்களைப் பார்த்த பிறகு, என் லாக்கரில் எப்போதும் துவைத்து மடித்த இரண்டு நைட்டி, ஒரு துப்பட்டா வைத்திருப்பேன்.